செய்தி போகிற நேரத்தில் பேசியவள்

என் அன்பான சாந்தி அப்பாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. உங்கள் கசட்டுகள் எல்லாம் வீட்டை விட்டுப் போய்விட்டன. அலுமாரியின் கீழ்த்தட்டுகள் காலி, கட்டிலுக்கு அடியில் இருந்த இரும்புப் பெட்டி காலி, குசினியில் மிளகாய்த்தூள் டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பிஸ்கட் டின்னும் காலி. கல்யாணமான நாளிலிருந்து கொடியில் தொங்கிய என் சேலைகள் முதல் தடவையாக அலுமாரிக்குள் குடிபோயிருக்கின்றன. கோபப்படாதீர்கள். விற்கவில்லை, எரிக்கவும் இல்லை. பேராதனையில் ஒரு காப்பகத்துக்குக் கொடுத்திருக்கிறேன். முழுவதையும் சொல்கிறேன், கையைத் தூக்காமல் கேளுங்கள்.

வருஷா வருஷம் நீங்கள் போன இந்த நாளில் சாந்தி, பத்திரிகையில் உங்கள் படத்தைப் போட்டு, கீழே நாலு வரி போடுவாள். அடையாள அட்டைக்குப் பிடித்த படம் அது. அதில் நீங்கள் செய்யாத குற்றத்துக்குப் பிடிபட்ட ஆள் மாதிரி முழிக்கிறீர்கள். இந்த வருஷம் நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். "நாலு வரிக்குள்ள முடிப்பீங்களாம்மா?" என்று கேட்டாள். பெற்ற பிள்ளை கேட்கிற கேள்வியா அது?

மற்றவர்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும். நம் வீட்டில் பேசிய எதுதான் அடுத்த வீட்டுக் காதில் விழாமல் இருந்தது? அதனால் தெரியாதவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுத்தவர். நாள் முழுக்க மூன்று மொழியிலும் பேசிப் பேசிச் சேலை விற்பீர்கள். பின்னேர பஸ்ஸில் வந்து பிலிமத்தலாவையில் இறங்கும்போது வாயில் ஒரு சொல் மிச்சம் இருக்காது. நானோ டீச்சர். வகுப்பின் கடைசி வாங்கில் தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற குரல் எனக்கு. பள்ளிக்கூடம் விட்டதும் நிற்கிற குரலும் இல்லை.

இப்படி ஒரு வீட்டில்தான் நீங்கள் செய்தியைப் பதிவு பண்ண ஆரம்பித்தீர்கள். ரேடியோவுக்கு முன்னால் ஒரு கதிரை, கதிரை மேல் தலையணை, தலையணை மேல் அந்தத் தட்டையான டேப் ரெக்கோர்டர். ஒயர் போட்டு இணைக்கலாம் என்று யாரோ சொன்னதற்கு, "அதெல்லாம் கரண்ட் அடிக்கும்" என்று மறுத்துவிட்டீர்கள். ஆகவே ரேடியோ பேசியதெல்லாம் காற்றில் வந்துதான் டேப்பில் ஏறியது. காற்றில் வேறு என்னென்ன வந்ததோ அதுவும் ஏறியது. முதலில் சிங்களச் செய்தி, பிறகு தமிழ், பிறகு இங்கிலீஷ். ஒரே நாளில் ஒரே நாட்டில் மூன்று மாதிரி சண்டை நடந்திருக்கும். நான் பேச வாயெடுத்தால் நீங்கள் வலது கையைத் தூக்குவீர்கள். ஒரு "உஸ்" கூட வராது, வெறும் கை. பொலிஸ்காரர் கைகாட்டினால் லொறிகூட நிற்கும். நான் நின்றதில்லை.

எதற்காக இந்தப் பதிவு என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். ஒரே ஒரு தடவை சொன்னீர்கள். தேயிலைத் தோட்டத்தில் உங்கள் அப்பாவிடம் யாரோ வந்து, "ரேடியோவுல சொல்லிட்டாங்க, தானா பேர் கொடுக்காட்டி எல்லாரையும் பிடிச்சு இந்தியாவுக்கு அனுப்பிருவாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பேச்சை நம்பி உங்கள் அண்ணன் இந்தியாவுக்குப் பேர் கொடுத்தார். தலைமன்னாரில் கப்பல் ஏறினார். பிறகு ஆளைக் கண்டது யாருமில்லை. ரேடியோ உண்மையில் என்ன சொன்னது என்று அந்த லயத்து வீடுகளில் ஒருவர்கூடத் தன் காதால் கேட்கவில்லை. "சொன்னாங்களாம், சொன்னாங்களாம்னே எங்கண்ணன் போயிட்டாரு. இனி என்ன சொன்னாங்கன்னு எங்கிட்ட இருக்கணும்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு நான் கசட்டுகளைத் திட்டியிருக்கிறேனே தவிர, தூக்கி எறிந்ததில்லை. ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன். வீட்டில் வெறுங்கசட் தீர்ந்துபோன ஒரு நாள், நம் கல்யாணக் கசட்டை எடுத்துப் போட்டீர்களே, அதை மட்டும் மன்னிக்கவில்லை. அதைப் போட்டால் ஐயர் மந்திரம் சொல்லுகிறார், கெட்டிமேளம் என்று யாரோ கத்துகிறார்கள், உடனே நிதியமைச்சர் வந்து சீனி விலையைக் கூட்டுகிறார். நீங்கள் எனக்குத் தாலி கட்டியதற்கு ஒலி ஆதாரம் கிடையாது.

சரி, இதையெல்லாம் ஏன் கொடுத்தேன் என்பதற்கு வருகிறேன். நீங்கள் போன பிறகு நாட்டில் நடந்த கூத்துகளைக் கேட்டால் உங்களுக்கு அங்கேயும் இருப்புக்கொள்ளாது. எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. பிறகு சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் போய் நீச்சல் குளத்தில் இறங்கிக் குளித்ததை சாந்தி ஃபோனில் காட்டினாள். ஆட்சியும் மாறிவிட்டது. நீங்களும் உங்கள் ரெக்கோர்டரும் இருந்திருந்தால் சாந்தியின் கல்யாணக் கசட்டும் போயிருக்கும். அந்த நாட்களில் ஒரு காலையில் அடுப்படியில் நின்று, இதற்கு நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்துப் பார்த்தேன். முகம் வந்தது. சொல்லும் வந்தது. குரல் வரவில்லை.

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. சாந்தியின் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். மேடையில் மெழுகுபொம்மை மாதிரி நிற்கிறீர்கள், வந்தவர்கள் எல்லோருக்கும் தலையை ஆட்டுகிறீர்கள், வாய் திறக்கவே இல்லை. ஃபோனில் பார்த்தால், நீங்கள் யாருக்கும் குரல் அனுப்பியதில்லை. மந்திரிமார், தளபதிமார், தூது வந்த வெள்ளைக்காரர் எல்லோருடைய குரலும் எங்கள் அலுமாரியில் இருந்தது. அதைச் சேர்த்து வைத்த ஆளின் குரல் இந்த வீட்டில் இல்லை. கசட்டுகளில் எங்கேயாவது ஒரு சொல் பேசியிருக்க மாட்டீர்களா என்று தேடலாம் என்றால், உங்கள் ரெக்கோர்டர் உங்களுக்கு முன்னாலேயே உயிரை விட்டுவிட்டது.

சாந்தி தான் வேலை செய்கிற பேராதனை ஆஸ்பத்திரியில் தெரிந்தவர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறாள். பேராதனையில் கொஞ்சப் பேர் சேர்ந்து ஓர் ஆவணக் காப்பகம் நடத்துகிறார்கள். சண்டைக் காலத்தையும் அரசாங்கங்கள் மாறி மாறி வந்த காலத்தையும் பற்றிச் சனங்களின் வீடுகளில் கிடக்கிற படங்கள், நோட்டீசுகள், கசட்டுகள் எல்லாவற்றையும் வாங்கிப் பாதுகாத்து, எல்லோரும் பார்க்கவும் கேட்கவும் கொடுப்பார்களாம். அங்கிருந்து தர்ஷினி என்று ஒரு பிள்ளை வந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நல்ல மரியாதை. வந்ததும் பையிலிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்துப் போட்டது. நான் தும்புத்தடியால் தள்ளித் தள்ளிக் கூட்டிய பெட்டியை அது இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கியது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஐயாட முழுப் பேர் என்னம்மா?" என்று கேட்டது.

நான் சுவரிலிருந்த உங்கள் படத்தைக் காட்டினேன்.

"ஓம், ஐயாதான். பேர்?"

உங்கள் பேரை என் வாயால் சொன்னதில்லையே. இருந்தபோதே சொல்லவில்லை, இனிமேலா சொல்வேன்? "முருகனோட இன்னொரு பேரு" என்றேன். அது முருகனுடைய பேர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தது. நான் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்ட அடுத்த வீட்டுச் சிங்களத்து லீலா அக்கா பொறுக்க முடியாமல் உங்கள் முழுப் பேரையும் தகப்பன் பேரோடு சேர்த்துக் கத்திச் சொன்னார். லீலா அக்காவுக்கு இப்போது முழங்கால் இரண்டும் சரியில்லை. தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்தது, கசட்டுகளின் மேல் நீங்கள் எழுதி ஒட்டியிருந்த பெயர்கள். தர்ஷினி ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தது. "சாந்திக்குப் பல் விழுந்த வாரம். பலாக்காய்ச் சண்டை. கூரை ஒழுகியது. மாமியார் வந்து நின்றது. மறுபடியும் கூரை." வாசித்துவிட்டு என்னைப் பார்த்தது.

"அம்மா, இதுகளிலை செய்தி எண்டுதானே சொன்னீங்கள்?"

"செய்திதான் பிள்ள. பல்லு விழுந்த வாரத்துலதான் பேச்சுவார்த்த முறிஞ்சிச்சி."

காரணத்தையும் சொன்னேன். சண்டை நடக்கிற காலத்தில் ஒரு தமிழன் வீட்டில் கசட் கசட்டாகப் போர்ச் செய்தி இருந்தால், அதுவும் அப்படியே எழுதி ஒட்டியிருந்தால், கேட்கிறவனுக்கு என்ன பதில் சொல்வது? அதனால் அந்தந்த நாளில் நம் வீட்டில் என்ன நடந்ததோ அதையே பெயராக எழுதினீர்கள். அந்தப் பெயர்களுக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். இப்போது நான் ஒருத்திதான்.

நானும் முழுசாகத் தெரிந்தவள் இல்லை என்பது பிறகுதான் வெளிச்சமாகியது. சாந்திக்கு அம்மை போட்ட கசட் தேர்தல் கசட் என்று அடித்துச் சொன்னேன். போட்டுப் பார்த்தால் வெள்ளமாம், மண்சரிவாம். அம்மை போட்டது தனக்கு இல்லை, எனக்குத்தான் என்று சாந்தி சொல்கிறாள். எனக்கு அம்மை போட்டதே ஞாபகம் இல்லை.

பலாக்காய்ச் சண்டைக் கசட்டைக் கண்டதும் லீலா அக்கா வேலியைச் சுற்றிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார். சோதனை போட வந்த கதையைத் தர்ஷினிக்குச் சொல்லாமல் அவரால் இருக்க முடியுமா? ஒரு காலையில் இரண்டு பொலிஸ்காரர்கள் வந்து அலுமாரியைத் திறந்தார்கள். இவ்வளவு கசட் எதற்கு என்று இருவரில் பெரியவர் கேட்டார். நீங்கள் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. கைக்கு வந்த ஒன்றை எடுத்துப் போடச் சொன்னார். போட்டதும் வந்தது என் குரல்.

"மரம் அவுங்களுதாம், காய் அவுங்களுதாம், கூரையில ஓட்ட மட்டும் நம்மளுதாம். இவருக்கென்ன, கைய தூக்கிட்டு ஒக்காந்திருக்காரு. மழ பேஞ்சா அந்தக் கையாலயா மறைப்பாரு?"

எனக்குப் பின்னால், எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி, வடக்கில் நடந்த ஒரு பெரிய தாக்குதலின் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பெரியவருக்குத் தமிழ் தெரியாது. வாசலில் நின்ற லீலா அக்காவைக் கூப்பிட்டு, இது என்ன என்று கேட்டார். லீலா அக்கா சிங்களத்தில் விளக்கினார். மஹத்தயா, என் பலா மரத்துக்காக இந்த அம்மா என்னை ஏசுகிறார், இவர் அதை டேப்பில் பிடித்து வைத்திருக்கிறார், இந்த அலுமாரி முழுக்க அதுதான். பெரியவர் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு டேப்பை நிறுத்திவிட்டு, உங்களைப் பார்த்து "அனே, பவ்" என்றார். அதைவிடப் பெரிய "ஐயோ பாவம்" சிங்களத்தில் இல்லை. போகும்போது உங்கள் தோளில் தட்டிவிட்டும் போனார்.

இந்தக் கதையைக் கேட்ட தர்ஷினிக்குக் கையுறையோடு கண்ணைத் துடைக்க வேண்டியதாகிவிட்டது. அப்போதுதான் என் நிபந்தனையைச் சொன்னேன்.

"எல்லாத்தையும் கொண்டு போங்க. யாருக்கு வேணும்னாலும் குடுங்க. ஆனா கேக்குறப்போ எங்கயாச்சும் இவரு குரல் வந்திச்சின்னா எனக்குச் சொல்லணும். இருமுனாலும் சொல்லணும்."

"கட்டாயம் சொல்லுவன் அம்மா" என்றது பிள்ளை.

அன்றிலிருந்து புதன்கிழமை தோறும் நானும் லீலா அக்காவும் பஸ் ஏறிப் பேராதனைக்குப் போகிறோம். சின்ன அறை, குளிரூட்டி போட்டிருக்கிறார்கள். மனிதர்களுக்காக இல்லையாம், கசட்டுக்காகவாம். காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். பொலிஸ்காரர் போட்டுக் கேட்ட அன்றைக்குத் தவிர, என் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை. இப்படியா பேசினேன்? சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகிறது, நான் தேங்காய் சின்னது என்கிறேன். குண்டு வெடித்த செய்தி வாசிக்கிறார்கள், நான் அரிசியில் கல் என்கிறேன். பிரதமர் மாறுகிறார், நான் உங்கள் அம்மாவைப் பற்றிப் பேசுகிறேன். உங்கள் அம்மா அங்கே பக்கத்தில்தான் இருப்பார்கள். கேட்டால், அது மந்திரியின் சம்சாரம் என்று சொல்லிவிடுங்கள்.

சாந்திக்கு இது தெரிந்ததும் ஒரே சண்டை. "அம்மா, இன்டர்நெட்ல போடுவாங்க. லண்டன்ல இருக்குறவங்கூட கேப்பாங்க. நீங்க அப்பாயி பத்திச் சொன்னதெல்லாம் கேக்கணுமா?" என்றாள். தர்ஷினியிடம் கேட்டேன். வேண்டாத இடத்தைக் கொஞ்சக் காலத்துக்குப் பூட்டி வைக்கலாமாம். பிறத்தியாரைப் பற்றிப் பேசியிருந்தால் அவரிடமும் சம்மதம் கேட்க வேண்டுமாம். மாமியார் பேச்சைப் பூட்டச் சொன்னேன். பூட்டைச் சாந்தியின் பேத்திமார் காலத்தில் திறந்தால் போதும்.

பலாக்காய்ச் சண்டைக்கு லீலா அக்காவின் சம்மதம் வேண்டும். அவர் காதில் மாட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். நம் வீட்டுக்குப் பக்கத்தில் இத்தனை வருஷம் இருந்து அவருக்குத் தமிழில் தெரியாத ஏச்சு கிடையாது. கடைசி வரைக்கும் கேட்டுவிட்டுத் தர்ஷினியைப் பார்த்தார்.

"இவ்வளோதானா? நான் திருப்பி ஏசினது எங்க?"

"அது பதிவாகேல்லை அம்மா. நீங்கள் தூரத்திலை நிண்டிருக்கிறீங்கள் போல."

"அது செரியில்ல. நங்கி ஏசினது இருக்கி, நான் ஏசினது இல்ல. கேக்கிற ஆளுங்க நான் தோத்துட்டேன்னு நினைக்கும்."

நங்கி என்றால் தங்கச்சி, என்னைத்தான் சொல்கிறார். முடிவில் ஒரு வழி கண்டார்கள். லீலா அக்கா மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து அன்றைக்குச் சொன்ன பதிலைச் சிங்களத்தில் மறுபடி சொன்னார். அன்றைக்கு அவ்வளவு சொல்லவில்லை, இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அது பின்னிணைப்பாகப் போகிறது.

நடுவில் ஒரு புதன்கிழமை தர்ஷினி ஒரு வித்தை காட்டியது. கம்பியூட்டரில் ஏதோ அழுத்தியது, செய்தி கண்ணாடி மாதிரித் தெளிவாகக் கேட்டது. நான் இல்லை. குக்கர் இல்லை, கோழி இல்லை, பலாக்காய் இல்லை. கேட்கிறவர்களுக்கு வசதியாக இரைச்சலை மட்டும் எடுத்துவிடலாமாம். உங்கள் வலது கை இத்தனை வருஷம் தூக்கித் தூக்கி முடியாததை அந்தப் பிள்ளை ஒரு விரலால் செய்துவிட்டது. நானும் லீலா அக்காவும் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் சிரித்துக்கொண்டு போனோம்.

பஸ்ஸில் ஏறுகிற நேரம்தான் எனக்கு உறைத்தது. நீங்கள் பேசியிருந்தால் எங்கே பேசியிருப்பீர்கள்? செய்தியிலா? எங்களோடு அந்த இரைச்சலில்தானே இருப்பீர்கள்? படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். லீலா அக்கா முழங்காலைத் திட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

"பிள்ள, அந்த இரைச்சல எடுக்காதீங்க. அவரு அதுக்குள்ளதான் இருப்பாரு."

தர்ஷினி என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தது. "அம்மா, மூலத்திலை நாங்கள் கை வைக்கவே மாட்டம். அது அப்பிடியே இருக்கும். இது கேக்கிற ஆக்களுக்கு ஒரு வசதி மட்டும்தான்."

"அப்ப வசதியில்லாமலே கேக்கட்டும்."

"சரி அம்மா. முழுசாவே போடுவம்" என்றது. என்னைப் பற்றி உலகம் என்ன நினைத்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. சாந்தியிடமும் இதைச் சொன்னேன். அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, "எனக்கும் அப்பா கொரல் ஞாபகம் இல்லம்மா" என்றாள்.

மாதங்கள் போயின. ஒரு தும்மல் கிடைத்தது. அது உங்களுடையதுதான், ஆனால் தும்மலில் என்ன குரல் இருக்கிறது? கதிரை இழுபடுகிற சத்தம், பட்டன் அமுக்குகிற சத்தம், அவ்வளவுதான். பெட்டிகள் குறையக் குறைய, ஒவ்வொரு புதனும் மிச்சத்தை எண்ணிப் பார்த்தேன். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அவ்வளவு பேசினீர்களே, ஒரு வாடிக்கையாளராவது டேப் வைத்திருந்திருக்கக் கூடாதா என்று யாரோ முகம் தெரியாதவர்கள் மேல் கோபம் வந்தது.

போன மாதம் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது தர்ஷினி ஃபோன் எடுத்தது.

"அம்மா, ஐயாட குரலெண்டு நினைக்கிறன். வாறீங்களா?"

"ஃபோன்லயே போடு பிள்ள."

"இல்லை அம்மா. வந்து கேளுங்கோ."

கையைக் கழுவினேனா என்று ஞாபகமில்லை. லீலா அக்காவைக் கூப்பிடவும் இல்லை, அவரே சத்தத்தைக் கேட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் கசட்டில் நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. இத்தனையிலும் பெயர் இல்லாதது அது ஒன்றுதான். காதில் மாட்டுவது இரண்டு கிளையாகப் பிரிகிற மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒன்றை நான் மாட்டிக்கொண்டேன், மற்றதை லீலா அக்கா.

சண்டை முடிந்துவிட்டது என்று அறிவித்த நாள் அது. செய்தி முழுசாகக் கேட்கிறது. இவ்வளவு தெளிவான கசட் உங்கள் வாழ்க்கையில் இல்லை. ஏனென்றால் நான் பேசவில்லை. ரோட்டில் பட்டாசு வெடிக்கிறது, யாரோ கொடி பிடித்துக்கொண்டு லொறியில் கத்திக்கொண்டு போகிறார்கள். சண்டை நின்றதே என்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் வடக்கில் எத்தனை பேர் செத்தார்களோ என்ற நினைப்பும் விடவில்லை. லீலா அக்காவின் சின்ன மகன் இராணுவத்தில் சேர்ந்து, அதற்கு முந்தின வருஷம் சவப்பெட்டியில் வந்தான். பட்டாசு வெடித்த வீடுகளில் அவர் வீடு இல்லை. நான் அன்றைக்கு முழுக்க அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

செய்தி முடிந்தது. நீங்கள் ரேடியோவை நிறுத்தினீர்கள், ரெக்கோர்டரை நிறுத்தவில்லை. வெகு நேரம் பட்டாசு மட்டும் கேட்டது. பிறகு நீங்கள்.

"இன்னிக்கி வீட்டுல சத்தமே இல்ல."

யாரிடம் சொன்னீர்கள்? டேப்பிடமா, உங்களிடமேயா? கதிரை நகர்கிறது. நாலடி நடந்து வருகிறீர்கள். குரல் கொஞ்சம் தூரத்தில் கேட்கிறது, அடுப்படி வாசலில் நிற்கிறீர்கள் போலிருக்கிறது.

"பாக்கியம். ஏதாச்சும் பேசு."

என் பெயரைச் சொல்லியிருக்கிறீர்கள். வாழ்நாள் முழுக்க "இந்தா", "சாந்தி அம்மா", கோபம் வந்தால் "டீச்சர்". இதை நான் மறந்தே போயிருக்கிறேன், மறக்கிற காரியமா இது? குரலைக் கேட்டதும், ஆமாம், இதுதானே என்று இருந்தது. அடித்தொண்டையில் கொஞ்சம் கரகரப்பு, முடிக்கிற சொல்லை விழுங்குகிற அந்தப் பழக்கம். நான் அழுதேன். வெட்கப்படாமல் அழுதேன், குளிரூட்டிக்காரக் கசட்டுகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன.

டேப்பில் நான் பதில் சொல்கிறேன். "என்னத்த பேசச் சொல்றீங்க." பிறகு, "லீலா அக்கா காலைல இருந்து கதவு தொறக்கல. அவுங்க அடுப்பும் எரியல. ரெண்டு வீட்டுக்கும் சேத்துச் சோறு போடவா?"

"போடு."

அவ்வளவுதான் நீங்கள் பேசியது. அதற்குப் பிறகு நான் ஆரம்பித்துவிட்டேன். அரிசி பத்தாது, விறகு ஈரம், இந்தப் பட்டாசுச் சத்தத்தில் கோழி முட்டை போடுமா, சாந்தி ஆஸ்பத்திரியில் இருந்து எப்படி வருவாள், கூரை. டேப் ஓடிக்கொண்டே இருக்கிறது. திரும்பிப் போய் நிறுத்த உங்களுக்கு மனம் வரவில்லை. பக்கம் முடிந்து அது தானாக டக் என்று நிற்கிற வரைக்கும் நான் பேசுகிறேன், நீங்கள் கேட்கிறீர்கள்.

லீலா அக்கா காதில் இருந்ததைக் கழற்றி மெதுவாக மேசையில் வைத்தார். கண்ணைத் துடைத்தார்.

"அண்டைக்கி சோறு அடிப்பிடிச்சிருந்திச்சி நங்கி" என்றார். "நான் சொல்லல்ல. எல்லாம் சாப்பிட்டேன்."

இதை எல்லோரும் கேட்கலாமா, பூட்டி வைக்கவா என்று தர்ஷினி கேட்டது. நான் லீலா அக்காவைப் பார்த்தேன். கேக்கட்டும் என்று அவர் தலையாட்டினார். நானும் கேட்கட்டும் என்றேன். அந்த நாளில் பட்டாசு வெடிக்காத வீடுகளும் இந்த ஊரில் இருந்தன என்று எங்கேயாவது ஒரு பதிவு இருக்கத்தானே வேண்டும்? சொன்னாங்களாம், சொன்னாங்களாம் என்று இதுவும் போய்விடக் கூடாது. பெயர் இல்லாத கசட்டுக்கு ஒரு பெயர் வேண்டுமாம். நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் கனவிலாவது வந்து சொல்லுங்கள். வாய் திறந்து சொல்லுங்கள்.

இனி ஒவ்வொரு புதனும் தர்ஷினி மைக்கை என் முன்னால் வைக்கப்போகிறது. ஒவ்வொரு கசட்டையும் போட்டுக் கேட்டு, அன்றைக்கு இந்த வீட்டில் என்ன நடந்தது, ரோட்டில் என்ன நடந்தது, நாங்கள் எதற்குப் பயந்தோம், எதற்குச் சிரித்தோம் என்று நான் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் திருத்த லீலா அக்கா இருக்கிறார், சரியாகச் சொன்னாலும் திருத்துவார். பேசு என்று கேட்டீர்கள். மூச்சு இருக்கிற வரைக்கும் பேசுவேன், இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்ட
உங்கள் மனைவி,
பாக்கியம்